லைட்டரைத் தடுத்தால் தீப்பெட்டி பிழைக்குமா? இறக்குமதி வரி பற்றி ஒரு விவாத இழை

ஒரு வாசகரின் கேள்வி, 19 அக்டோபர் 2024

சீன லைட்டர்களில் 20 ரூபாய்க்குக் குறைந்தவற்றை இறக்குமதி செய்யக் கடந்த ஆண்டு தடை வந்தது. இந்த மாதம் லைட்டர் உதிரிபாகங்களுக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலை நம்பியிருக்கும் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பை இது காப்பாற்றியிருக்கிறது. பொம்மை, குடை, பூட்டு என எல்லா இறக்குமதிக்கும் இதேபோல 100 சதவீதம் வரி போட்டால் உள்நாட்டில் வேலையில்லை என்ற பேச்சுக்கே இடமிருக்காது. இதை மறுத்துப் பேசும் பொருளாதார மேதைகளில் எத்தனை பேர் ஒரு தீப்பெட்டி ஆபீஸைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள்?

19 அக்டோபர் 2024, இரவு 10.15

நான் பார்த்திருக்கிறேன். கழுகுமலைக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் உண்டு, பெய்யாவிட்டால் தீப்பெட்டிதான். என் அம்மா, ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டி ஆலையிலிருந்து மரச்சில்லையும் நீலத்தாளையும் வாங்கிவந்து, இரவில் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அடிப்பெட்டி ஒட்டி, மறுநாள் காலையில் கூடையில் சுமந்துபோய்க் குரோசுக் கணக்கில் எண்ணிக் கொடுத்துவிட்டு வருவார். ஒரு குரோசு என்பது 144 பெட்டி. மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்திருக்கும். அதனால் வேலை முடிந்தபின் விரலை வாயில் வைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட முதல் ஒழுக்கவிதி. ஏழு வயதிலிருந்து நானும் ஒட்டியிருக்கிறேன். பின்னாளில் கல்லூரி முடித்த கையோடு அதே வட்டாரத்தில் ஓர் ஆபீஸில் இரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதினேன்.

ஆகவே இந்தத் தடையை நான் எதிர்ப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள். 2022 செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் ஒன்றிய அரசுக்கு எழுதிய கடிதத்தில், பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பிளாஸ்டிக் லைட்டர் இருபது தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துவிடுகிறது என்று குறிப்பிட்டிருந்தார். 2023 ஜூன் இறுதியில் தடை அறிவிப்பு வந்தபோது எங்கள் பக்கத்தில் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள் என்று கேள்விப்பட்டு நானும் மகிழ்ந்தேன்.

20 அக்டோபர் 2024, காலை 7.05

ஒன்றை நேற்றே சொல்லியிருக்க வேண்டும். "எல்லா இறக்குமதிக்கும் 100 சதவீதம்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெட்டியின் பக்கவாட்டில் தடவுகிறார்களே, அந்த மருந்தில் இருக்கும் சிவப்புப் பாஸ்பரஸுக்கு வெளிநாட்டுச் சரக்கைத்தான் நம்பியிருக்கிறோம். 2021இல் அதன் விலை ஏறக்குறைய இரட்டித்தது. மெழுகும் அட்டையும் சேர்ந்து ஏறின. 2007 முதல் பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயில் நின்றிருந்த தீப்பெட்டி அந்த ஆண்டு டிசம்பர் முதல் தேதியிலிருந்து இரண்டு ரூபாய் ஆனதற்கு இவைதாம் காரணம். பாஸ்பரஸுக்கும் 100 சதவீதம் போட்டால் தீப்பெட்டி மூன்று ரூபாய்க்குப் போகும், லைட்டர்காரன் உங்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுவான்.

22 அக்டோபர் 2024, இரவு 9.30

தடைக்குப் பிறகும் லைட்டர் கடைகளில் தொங்குகிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தொங்கத்தான் செய்கிறது. என் அண்ணன் மதுரையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். கடையின் முன்கம்பத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட லைட்டர் ஒன்று எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும், பீடி வாங்குபவர்கள் அங்கேயே பற்றவைத்துக்கொண்டு போவார்கள். கவனியுங்கள், அந்த ஒற்றை லைட்டர் அவர் கடையிலேயே எத்தனை தீப்பெட்டி விற்பனையைத் தின்கிறது என்று அவர் கணக்குப் பார்த்ததே இல்லை.

சென்ற ஆண்டு ஆயுதபூஜைக்குப் போனபோது அட்டைப்பெட்டியில் புதுச் சரக்கு வந்திருந்தது. ஊதா, பச்சை, சிவப்பு என அதே கண்ணாடி நிறங்கள், அதே உருளைச் சக்கரம், உள்ளே தளும்பும் அதே திரவம். அடியில் ஒட்டியிருந்த சிறு சீட்டு மட்டும் மாறி, இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று சொல்லிற்று. உடலும் வால்வும் சக்கரமும் தனித்தனியாகக் கப்பலில் வந்து, இங்கே ஒன்றுசேர்க்கப்பட்டு, எரிவாயு நிரப்பப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கின்றன. இந்த மாதம் உதிரிபாகங்களுக்குக் கட்டுப்பாடு வந்ததே இந்த ஓட்டையை அடைக்கத்தான். சட்டப்படி பார்த்தால் அந்த ஒன்றுசேர்க்கும் கூடத்திலும் உள்நாட்டுத் தொழிலாளிதானே வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய வேலைக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

23 அக்டோபர் 2024, பிற்பகல் 1.20

வரி போடுவதும் தடை போடுவதும் ஒன்றுதானே என்ற கேள்விக்கு: ஒன்றன்று. 2023 அறிவிப்பு ஒரு விலைக்கோட்டைப் போட்டது. சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்த்து லைட்டர் ஒன்றுக்கு 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் உள்ளே வர முடியாது, அதற்கு மேல் இருந்தால் வரலாம். இப்படிப்பட்ட கோட்டைக் கண்டதும் இறக்குமதியாளர் மனத்தில் முதலில் தோன்றும் யோசனை, விலைப்பட்டியலில் விலையைக் கூட்டிக் காட்டினால் என்ன என்பதுதான். அப்படிக் கூட்டிக் காட்டினால் சீனாவுக்குப் போகும் பணம் கூடுமே தவிரக் குறையாது. வரி என்றால் குறைந்தது அந்த வித்தியாசம் நம் கருவூலத்துக்கு வரும். தடையில் அது கள்ளக் கணக்குக்கோ கடத்தல்காரனுக்கோ போகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேறு சரக்கின் பெயரில் வந்த லைட்டர்கள் பிடிபட்டன என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. கோவில்பட்டி இருப்பதும் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் என்பதை நினைக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் வரிக்கும் ஒரு குறை உண்டு. மிக மலிவான பொருளுக்கு விலையை இரட்டிக்கும் வரி போட்டாலும் அது சில ரூபாய்தான். ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் வேலையைச் செய்கிற இடைவெளியைச் சில ரூபாயால் மூட முடியாது. அரசு தடைக்குப் போனதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன்.

27 அக்டோபர் 2024, இரவு 11.00

"இறக்குமதி வரியால் எந்தத் தொழிலாவது வளர்ந்திருக்கிறதா, ஒன்றைக் காட்டுங்கள்" என்று ஒருவர் சவால் விட்டிருக்கிறார். தூரத்தில் தேட வேண்டாம், தீப்பெட்டியே இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலம்வரை இந்தியாவுக்குத் தீப்பெட்டி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. 1922இல் பிரிட்டிஷ் இந்திய அரசு தீப்பெட்டி மீதான இறக்குமதி வரியைக் குரோசுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. அன்றைய கணக்கில் மிகக் கடுமையான வரி. அதே ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மானாவாரிப் பூமியில் வேலைக்கு ஆள் கிடைத்தது, ஈரமில்லாத காற்று மருந்து காய உதவியது, வெளிநாட்டுச் சரக்கை வரி துறைமுகத்திலேயே நிறுத்தியது. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த இடத்தில்தான் என் அம்மாவின் கூடை வந்தது. அரசாங்கம் நம்மைக் காப்பாற்றுவதற்காக வரி போட்டது, நாம் வளர்ந்தோம்.

28 அக்டோபர் 2024, காலை 6.40

நேற்றிரவு எழுதியதன் கடைசி வாக்கியத்தைத் திருத்துகிறேன். 1922 வரி நம்மைக் காப்பாற்றுவதற்காகப் போடப்பட்டதன்று. போருக்குப் பிந்தைய பற்றாக்குறையை நிரப்ப அரசுக்குப் பணம் தேவைப்பட்டது, அதற்காகப் போட்ட வருவாய் வரி அது. உள்நாட்டில் ஆலைகள் கிளம்பி இறக்குமதி குறையவே, வரி வருமானமும் குறைந்தது. வாத்து முட்டையிடாமல் போனதேன் என்று விசாரிக்கத்தான் விஷயத்தைக் காப்புவரி வாரியத்திடம் அனுப்பினார்கள். வாரியம் ஆராய்ந்து அறிக்கை தந்தபின் 1928இல் தீப்பெட்டித் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் அது முறைப்படி காப்பு வரி.

இரவில் எழுதாமல் இருப்பது நல்லது. ஆனால் இந்தத் திருத்தத்துக்குள் ஒரு பாடம் ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது. வேலையைக் காக்கும் அளவுக்கு வரி கடுமையாக இருந்தால் இறக்குமதி நின்றுவிடும், வரி வருமானமும் போகும். வருமானம் பெருகுகிறது என்றால் சரக்கு இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

28 அக்டோபர் 2024, இரவு 8.50

மற்றொரு பாதியை விட்டுவிட்டேன். வரிச்சுவர் எழும்பியதும் சுவீடன் தீப்பெட்டி நிறுவனம் வெளியே நின்று அழவில்லை. 1923இல் சுவரைத் தாண்டி உள்ளேயே வந்து விம்கோ என்ற பெயரில் ஆலை வைத்தது. அதன் பின்னால் இருந்தவர், தீக்குச்சி மன்னர் என்று உலகம் அழைத்த இவார் குரூகர். அம்பர்நாத், பரேலி, கல்கத்தா என்று ஆலைகள் பரவின. சென்னையில் திருவொற்றியூரில் ஒன்று. மெட்ரோ ரயிலில் விம்கோ நகர் வரை போகிறவர்களே, நீங்கள் இறங்கும் நிலையத்தின் பெயர் அந்த ஆலையிலிருந்து வந்தது. ஒரு வரியின் பின்விளைவு நூறாண்டு கழித்து ரயில் வரைபடத்தில் பச்சைத் தமிழாக உட்கார்ந்திருக்கிறது.

ஆக, வரி தடுத்தது சுவீடன் தீப்பெட்டியை, சுவீடன் முதலாளியை அன்று. முழுக்க இயந்திரத்தில் தீப்பெட்டி செய்த அந்த ஆலையோடு சிவகாசியும் சாத்தூரும் துறைமுகத்துக்கு இந்தப்பக்கம் நின்று மோத வேண்டியிருந்தது. அந்த மோதலில் கைத்தொழிலைக் காத்தது எது என்பதை விடுமுறைக்குப் பின் எழுதுகிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன்.

3 நவம்பர் 2024, மாலை 5.15

ஊரிலிருந்து திரும்பிவிட்டேன். உதிரிபாகக் கட்டுப்பாடு பற்றி அம்மாவிடம் சொன்னேன். அவருடைய முதல் கேள்வி நாட்டைப் பற்றியதன்று. "அப்ப அண்ணன் கடையில இருக்க லைட்டரையெல்லாம் பிடுங்கிட்டுப் போயிருவாங்களாடா? ரெண்டு பெட்டி வாங்கி வச்சிருக்கானே." இல்லை என்று தேற்றிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அங்கே ஒன்றைக் கண்டேன், இத்தனை நாள் பார்த்தும் பார்க்காத ஒன்று. அம்மா எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைப்பதில்லை. சுவரில் ஆணியில் மாட்டியிருக்கும் இரும்பு அடுப்பு லைட்டரை எடுத்து டிக் டிக்கென்று இரண்டு முறை அழுத்துகிறார். இலட்சம் பெட்டிகளுக்கு மேல் ஒட்டிய கை அது. அந்த லைட்டரில் எரிவாயு இல்லை, தீர்ந்துபோவதும் இல்லை, பத்தாண்டாகச் சுவரில் தொங்குகிறது. சீனாவிலிருந்து வந்ததும் அன்று, திருவிழாக் கடையில் வாங்கிய உள்நாட்டுச் சரக்கு. விறகடுப்பு எரிந்த காலத்தில் நாளுக்கு நாலைந்து குச்சியாவது கிழித்த வீட்டில் இப்போது தீப்பெட்டி சாமி விளக்குக்கும் கொசுவர்த்திக்கும் மட்டும்தான். மின்வெட்டு குறைந்தபின் மெழுகுவத்தியும் போயிற்று.

இந்த இரும்பு லைட்டரைத் தடை செய்யச் சொல்லி எந்தச் சங்கமும் கடிதம் எழுதவில்லை. எழுதினால் ஊரே சிரிக்கும். அயல்நாட்டுப் பொருள் பறித்த வேலை நம் கண்ணுக்குத் தெரிகிறது, நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பொருள் பறித்த வேலை தெரிவதில்லை. 19ஆம் தேதி நான் எழுதிய "இருபது தீப்பெட்டி" கணக்கை இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். கணக்கு தவறு என்று சொல்லவில்லை. பீடிக் கடைக்கு அது பொருந்தும், அடுப்படிக்குப் பொருந்தாது. அண்ணனிடம் ஒரு வாரம் தீப்பெட்டி வாங்குகிறவர்களை எதற்கென்று கேட்டு எண்ணிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

10 நவம்பர் 2024, இரவு 10.30

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இந்த இழையில் நான் சொல்ல வந்ததே இதுதான், சுற்றி வளைத்து வந்து சேர்ந்திருக்கிறேன்.

விம்கோவின் இயந்திரத்துக்கு எதிரே கரிசல்காட்டுக் கைகளை நிற்க வைத்தது துறைமுக வரி அன்று, உள்நாட்டு உற்பத்தி வரி. 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. காலப்போக்கில் பெரிய இயந்திர ஆலைக்கு அதிக வரி, கையால் செய்யும் சிறிய கூடத்துக்குக் குறைந்த வரி என்ற வேறுபாடு கெட்டிப்பட்டது. உற்பத்தி அளவைப் பொறுத்து ஆலைகளை ஏ, பி, சி, டி என வகுத்தார்கள். கீழ்வகுப்பில் இருந்தால் குரோசுக்குக் கிடைக்கும் வரிச் சலுகைதான் இலாபம். இயந்திரம் வாங்கி மேல்வகுப்புக்குப் போனால் அந்தச் சலுகை போய்விடும் என்பதால் முதலாளிகள் இயந்திரம் வாங்காமலே இருந்தார்கள். குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கவும் பெட்டி ஒட்டவும் மருந்து முக்கவும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்தது இப்படித்தான்.

இதைப் பொற்காலம் என்று பாடுவதற்கு நான் ஆளில்லை. நான் கணக்கு எழுதிய இடத்தில் ஒரே களத்துக்குள் ஐந்து பெயர்ப்பலகை இருந்தன. ஒன்று முதலாளியின் பெயரில், ஒன்று மனைவி பெயரில், ஒன்று மைத்துனர் பெயரில். குச்சி ஒரே லாரியில் வரும், மருந்து ஒரே கூடத்தில் கலக்கப்படும், கணக்குப் புத்தகம் மட்டும் ஐந்து. மாலையில் ஐந்தையும் நானே எழுதுவேன், ஒவ்வொன்றுக்கும் வேறு நிற மையில், ஏதோ ஐந்து பேர் எழுதியதைப் போல. சிறுதொழிலுக்குத் தந்த சலுகையைப் பெருந்தொழில் சில்லறையாக மாற்றி வாங்கிக்கொண்ட கதை இது.

குழந்தைகளின் கதை அதைவிடக் கசப்பானது. மலிவான கைகளுக்குச் சலுகை தந்தால் மிக மலிவான கையைத் தேடுவார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. என்னைப்போல வீட்டுத் திண்ணையில் ஒட்டியவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. "உள்நாட்டு வேலைகளைக் காப்போம்" என்று கேட்கும்போதெல்லாம் எந்த வேலையை, எந்த வயதில் என்று கேட்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது.

இப்போது முக்கியமான இடம். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதமும் இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவீதமும் இருந்தன. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 சதவீதம் ஆக்கினார்கள். பல்லாண்டாகக் கைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நின்ற உள்சுவர் அன்றோடு இடிந்தது. இயந்திரக்காரருக்கு ஆறு குறைந்தது, கைக்காரருக்கு ஏழு கூடியது. ஊரடங்குச் செய்திகளுக்கு நடுவே இது நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு பத்தியாக வந்து போயிற்று. லைட்டருக்காக எழுந்த குரலில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு எழவில்லை. எங்கள் கிராமத்தில் இன்று முழு இயந்திர ஆலைக்கு வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. ஏற்றிக்கொள்ளும் ஆட்கள் முன்பு ஒரு தெருவுக்கே வேலை தந்த ஆபீஸைவிடக் குறைவு.

12 நவம்பர் 2024, காலை 8.00

"ஐந்து நிற மை" பற்றித்தான் ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள், வரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நீலம், கருநீலம், கறுப்பு, பச்சை, சிவப்பு. சிவப்பு மைத்துனருக்கு.

24 நவம்பர் 2024, இரவு 9.10

பட்டயக் கணக்காளரான நண்பர் ஒருவர், காப்பாற்றப்படும் வேலை ஒன்றுக்கு நுகர்வோர் எவ்வளவு செலவழிக்கிறார் என்று கணக்குப் போடச் சொல்கிறார். அமெரிக்காவில் அப்படிப் போட்டிருக்கிறார்கள். 2018இல் அங்கே இறக்குமதியாகும் சலவை இயந்திரங்களுக்கு முதல் 12 லட்சத்துக்கு 20 சதவீதமும் அதற்குமேல் 50 சதவீதமும் வரி போட்டார்கள். பொருளாதார அறிஞர்கள் மூவர் பின்னர் ஆராய்ந்தபோது சலவை இயந்திர விலை ஏறக்குறைய 12 சதவீதம் ஏறியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், வரியே போடாத துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் அதே அளவு ஏறியிருந்தது. அங்கே இரண்டையும் இணையாக வாங்குவது வழக்கம், கடைக்காரர்கள் ஏற்றத்தை இரண்டுக்கும் பங்கிட்டுவிட்டார்கள். கிடைத்த புதிய வேலைகள் 1,800 அளவில். மக்கள் கூடுதலாகக் கொடுத்ததை வேலைகளால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஆண்டுக்கு 8,15,000 டாலர்.

இந்தக் கணக்கைப் படித்ததும் காப்பு வரிக்கு எதிராகக் கட்சி மாறத் துடிப்பவர்களுக்கு ஒரு சொல். தீப்பெட்டிக்கு இதை அப்படியே ஒட்ட முடியாது. அங்கே வேலை இழப்பவர் ஐம்பது மைல் தள்ளி வேறு ஆலைக்குக் காரில் போகலாம் என்று வைத்துக்கொள்ளலாம். சாத்தூர்ப் பக்கம் ஏழாயிரம்பண்ணையில் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குத் தீப்பெட்டி போனால் அடுத்தது பட்டாசு, அல்லது நூறுநாள் வேலை. ஒரு வேலையின் மதிப்பு அதன் கூலி மட்டுமன்று, அது போனபின் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்தது. கணக்காளர் நண்பர் இதை எந்த நிரலில் பதிவார் என்று சொன்னால் நானும் கற்றுக்கொள்வேன்.

5 ஜனவரி 2025, பகல் 12.00

அண்ணனின் ஆய்வு முடிவு வந்துவிட்டது. ஒரு வாரம் எண்ணச் சொன்னேன், நான்கு நாள் எண்ணிவிட்டு ஐந்தாம் நாள் மறந்துவிட்டார். சிகரெட் அட்டையின் பின்புறம் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்ததை மதினி படமெடுத்து அனுப்பினார். மொத்தம் 63 பெட்டி. சூடம், விளக்கு, ஊதுவத்திக்கு 38. கொசுவர்த்திக்கு 11. பீடி, சிகரெட்டுக்கு 9. மீதி ஐந்துக்கு அண்ணன் "சும்மா" என்று எழுதியிருக்கிறார்.

மார்கழி மாதம் என்பதால் சூடக் கணக்குக் கூடித்தான் இருக்கும் என்று மதினி குறிப்பும் எழுதியிருக்கிறார். அந்த நேர்மை பல ஆய்வறிக்கைகளில் கிடையாது. நான் இதிலிருந்து எதையும் நிறுவப் போவதில்லை. ஆனாலும் பீடிக்காரர்கள் முன்பே நூலில் தொங்கும் லைட்டரிடம் போய்விட்டார்கள் என்பதும், மிச்சமிருக்கும் வாடிக்கை கடவுளுடையது என்பதும் அந்த அட்டையில் தெரிகின்றன.

30 ஆகஸ்ட் 2025, இரவு 10.45

மாதங்களுக்குப் பிறகு இந்த இழைக்குத் திரும்பியிருக்கிறேன், காரணம் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 7ஆம் தேதி முதல் 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 27ஆம் தேதி முதல் மேலும் 25 சதவீதமும் வரி போட்டுவிட்டது. என் சித்தி மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். அடுத்த பருவத்துக்கான ஆர்டரை வாங்குபவர் நிறுத்திவைத்திருப்பதால் இரவு ஷிப்டை எடுத்துவிட்டார்களாம். ஏற்கெனவே தைத்து முடித்த துணியைக் குறைந்த விலைக்குக் கேட்கிறார்களாம்.

முதலில் கேள்வி கேட்ட வாசகரே, "எல்லா இறக்குமதிக்கும் 100 சதவீதம் போட்டால் வேலையில்லாத் திண்டாட்டம் தீரும்" என்று நீங்கள் எழுதினீர்கள். உங்கள் வாக்கியத்தை அங்கே ஒருவர் பாதியளவில் நிறைவேற்றியிருக்கிறார். அவர் கண்ணில் என் சித்தி மகள்தான் சீன லைட்டர். இதைக் குத்தலுக்காகச் சொல்லவில்லை. அங்கே ஆலை மூடிய ஊரில் உட்கார்ந்திருப்பவருடைய கோபம் எனக்குப் புரிகிறது, நான் 2023இல் மகிழ்ந்த மகிழ்ச்சியும் அதே சரக்குத்தான்.

அதேவேளை இங்கே நடந்த இன்னொன்றையும் பாருங்கள். 2021 பிப்ரவரியில் இறக்குமதிப் பஞ்சுக்கு நம் அரசு வரி போட்டது, எல்லாம் சேர்த்து 11 சதவீதம். பருத்தி விவசாயியைக் காக்க என்று சொன்னார்கள். நூல் விலை ஏறுகிறது என்று மில்காரர்களும் பனியன்காரர்களும் முறையிட்டார்கள், 2022இல் சில மாதங்கள் விலக்கினார்கள், பிறகு மீண்டும் வந்தது. இப்போது அமெரிக்க வரி வந்ததும் இந்த மாதம் 19ஆம் தேதி மறுபடி விலக்கிவிட்டார்கள். கரிசலில் பருத்தி போட்டிருக்கும் என் மாமாவுக்கு இது இடி, திருப்பூரில் இருக்கும் தங்கைக்கு ஆறுதல். ஒரே குடும்பத்தில் ஒரே வரிக்கு இரண்டு கட்சி. பொங்கலுக்கு எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும்.

31 ஆகஸ்ட் 2025, காலை 9.20

"சுற்றியது போதும், லைட்டர் தடை வேண்டுமா வேண்டாமா?" என்று கேட்டவருக்கு நேராகவே பதில் சொல்கிறேன். வேண்டும், ஆனால் தடையாக வேண்டாம், கடுமையான வரியாக இருக்கட்டும். விலைப்பட்டியலில் எதை எழுதினாலும் தப்ப முடியாதபடி சதவீதத்தில் அல்லாமல் லைட்டர் ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று போட வேண்டும், 1922இல் குரோசுக்கு ஒன்றரை ரூபாய் போட்டதைப் போல. வருகிற பணம் பொதுக் கணக்கில் கரையாமல் நாற்பது வயதைக் கடந்த தீப்பெட்டித் தொழிலாளிகளின் ஓய்வூதியத்துக்குப் போக வேண்டும். இறக்குமதி குறையக் குறையப் பணமும் குறையும் என்பதைச் சென்ற அக்டோபர் 28ஆம் தேதிக் குறிப்பில் நானே எழுதியிருக்கிறேன், ஆகவே இது நிலையான ஏற்பாடன்று, ஒரு தலைமுறை கடக்க ஒரு பாலம். சரக்கு சேவை வரியில் கைத்தீப்பெட்டிக்கு மட்டும் இருந்த 5 சதவீதத்தைத் திரும்பக் கேட்பேனா என்றால், ஐந்து மைக்கூடு நினைவுக்கு வந்து கை தயங்குகிறது. கேட்டாலும் பெயர்ப்பலகையை எண்ணாமல், வருங்கால வைப்புநிதிப் பதிவேட்டில் இருக்கும் தொழிலாளிகளை எண்ணித் தர வேண்டும் என்று கேட்பேன்.

31 ஆகஸ்ட் 2025, பிற்பகல் 3.10

அம்மாவிடம் தொலைபேசியில் இதைப் படித்துக் காட்டினேன். ஓய்வூதியம் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, எவ்வளவு என்று கேட்டார். இது என் யோசனைதான், அரசு இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றேன். "அப்பச் சரி" என்று வைத்துவிட்டார்.